சுடுதளத்துக்கு என் கணவரை மறுபடி அழைக்கலாமா?

36 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரோ ஊரோ தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. 3 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வாசகி 5 ஆண்டுகளாகத் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலில் தொடங்கியவர், இப்போது சிறிய தோட்டா போடும் பாயின்ட் 22 பிஸ்டலில் கிளப் போட்டிகளில் கலந்துகொள்கிறார். சனிக்கிழமை காலைகளில் இவர் சுடுதளத்துக்குப் போய்விட, கணவர் மகளைப் பார்த்துக்கொள்வார். இவர் திரும்பி வந்ததும் கணவர் முதலில் கேட்பது, “இன்றைக்கு எத்தனை பத்து?” என்பதைத்தானாம் (இலக்கின் நடுவட்டத்தில் பட்டால் பத்து மதிப்பெண்). இவர் கொண்டுவரும் இலக்குத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஓட்டைகளில் விரலை வைத்து எண்ணச் சொல்லி மகளுக்கு எண்களைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவர் ஒரு நாள் வந்து தானே சுட்டுப் பார்க்கட்டுமே என்று, இரண்டு மாதங்களுக்கு முன் மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இவர் கணவரை அழைத்துப் போயிருக்கிறார். ஏர் பிஸ்டலைக் கொடுத்தால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடுவார், ஆண்பிள்ளைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் பிடிக்கும் என்று எண்ணி, கிளப் நண்பர் ஒருவரின் 9 எம்.எம். பிஸ்டலை வாங்கிக் கொடுத்தார். மேகசினில் பத்துத் தோட்டாக்கள் இருந்தன. சொல்லிக்கொடுத்தவரும் இவரே. முதல் குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது தாளின் விளிம்பில் பட்டது. மூன்றாவதும் நான்காவதும் தாளுக்கும் கீழே மண்மேட்டில் புதைந்தன. நான்காவது குண்டு பாய்ந்தபோது வெளியே தெறித்த சூடான காலித் தோட்டா உறை அவருடைய சட்டைக் கழுத்துக்குள் விழுந்துவிட்டது. துள்ளியவர் அப்படியே பக்கவாட்டில் திரும்பினார். கையில் துப்பாக்கி, விரல் விசையின் மேல். அடுத்த தடத்தில் நின்றவர் தரையோடு குனிந்துகொண்டார். சுடுதள அதிகாரி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, “வெளியே போங்கள்” என்று சத்தம் போட்டார். வாசகியும் எல்லோர் முன்னாலும், “எத்தனை தடவை சொன்னேன், முனை எப்போதும் முன்னாலேயே இருக்க வேண்டும் என்று!” என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை. அன்றிரவு, “காதுக்குள் என்னவோ கூவிக்கொண்டே இருக்கிறது” என்று மட்டும் கணவர் சொன்னார். சில நாள் கழித்து, “உன் பிஸ்டலை வீட்டில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை” என்றார். இப்போதெல்லாம் சனிக்கிழமை வந்தால் “போய் வா” என்பதோடு சரி. எத்தனை பத்து என்று கேட்பதில்லை. இரவில் சரியாகத் தூங்குவதும் இல்லை. கேட்டால் வேலைப் பளு என்கிறார்.

வாசகியின் கேள்விகள் நான்கு. அவருடைய பயத்தை எப்படிப் போக்குவது? பெரிய துப்பாக்கியிலேயே நிறையச் சுட வைத்தால் பயம் தானாகப் போய்விடும் என்று ஒரு தோழி சொல்கிறாரே, சரியா? எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திய அதிகாரி மீது கிளப்பில் புகார் கொடுக்கலாமா? வரும் திருமண நாளுக்கு அவருக்கென்று ஒரு பிஸ்டல் வாங்கிப் பரிசளித்தால் மனம் மாறுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குடும்ப ஆலோசகராக ஒரு தடவை. பல ஆண்டுகள் ஏர் ரைபிள் சுட்டவளாக, புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவளாக இன்னொரு தடவை. மூன்றாவது முறை, உங்கள் கணவர் பேசிய வார்த்தைகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படித்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் மிகக் குறைவாகத்தான் பேசியிருக்கிறார். காது கூவுகிறது என்றார். பிஸ்டல் வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை என்றார். போய் வா என்றார். மூன்றையும் நீங்கள் ஒரே கோபத்தின் மூன்று முகங்களாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அவை மூன்று தனித்தனிச் செய்திகளாகத் தெரிகின்றன. மறுபடி அழைக்கலாமா என்ற கேள்விக்குப் போவதற்கு முன் அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஐந்து நிமிடங்கள்

அதிகாரி மீது புகார் கொடுக்காதீர்கள். அவர் செய்தது முழுக்கச் சரி. தோட்டா நிரம்பிய துப்பாக்கி, விசையில் விரலோடு, மனிதர்கள் நிற்கும் பக்கம் திரும்பும்போது மரியாதையாகச் சொல்லிப் புரியவைக்க அவகாசம் கிடையாது. கையைப் பிடிப்பதும் குரலை உயர்த்துவதும்தான் அவருடைய வேலை. இரண்டு நொடி தாமதித்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதும் கடிதமே வேறாக இருந்திருக்கும். அவரைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். உங்கள் கணவரிடமும், “அவர் உங்களைத் திட்டவில்லை, பக்கத்தில் நின்றவரைக் காப்பாற்றினார்” என்று சொல்லுங்கள்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாமல் கேளுங்கள். அந்த விபத்துக்கு வழி செய்ததில் உங்கள் கணவரின் பங்கு மிகச் சிறியது. வாழ்நாளில் முதல்முறையாகச் சுடுகிறவர் கையில் பின்னால் உதைக்கிற, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியைக் கொடுத்து, அதில் பத்துத் தோட்டாவும் நிரப்பியிருக்கக் கூடாது. எந்தப் பயிற்றுநரும் முதலில் ஒன்றே ஒன்றைத்தான் போடுவார். அது போய்விட்டால் கையில் இருப்பது வெறும் இரும்பு. சட்டைக் கழுத்தை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். சூடான உறை மேலே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே காலித் துப்பாக்கியோடு ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். விரலை விசையிலிருந்து எடு, முனையை முன்னால் வைத்தபடியே மேசையில் இறக்கு, பிறகு உடம்பைக் கவனி. “முனை முன்னாலேயே இருக்கட்டும்” என்று நூறு முறை வாயால் சொன்னாலும், தோலைச் சுடும் பித்தளையின் முன்னால் அந்தச் சொல் நிற்காது. கை பழகியிருந்தால்தான் நிற்கும்.

இப்போது அந்தக் குண்டுகளைப் பார்ப்போம். முதலாவது கறுப்பு வட்டத்தில், இரண்டாவது விளிம்பில், பிறகு இரண்டும் மண்ணில். நீங்கள் இதைப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். சுடுதளத்தில் புதியவர்கள் எத்தனையோ பேரின் தாளில் இந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். முதல் குண்டு நன்றாகப் போகும், ஏனென்றால் என்ன வரப்போகிறது என்று உடம்புக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு, வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே கை அந்த உதைப்பை எதிர்த்துத் தள்ளத் தொடங்கிவிடும். முனை தாழும், குண்டு கீழே போகும். உரத்த ஓசை கேட்டதும் இமை மூடத் தொடங்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மூளை யோசித்து முடிவெடுக்கிற வேகம் அல்ல அது. தைரியசாலிக்கும் அப்படித்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். “ஆண்பிள்ளைக்குக் கனமாக இருந்தால்தான் பிடிக்கும்” என்ற உங்கள் கணக்கு இங்கேதான் தவறிவிட்டது. நீங்கள் 5 ஆண்டுகளுக்கு முன் எதில் தொடங்கினீர்கள்? ஏர் பிஸ்டலில். உங்களுக்குக் கிடைத்த அந்த நிதானமான தொடக்கம் அவர் ஆண் என்பதாலேயே அவருக்குக் கிடைக்காமல் போனது.

ஆகவே தோழியின் யோசனையை விட்டுவிடுங்கள். பெரிய துப்பாக்கியில் அதிகம் சுட வைத்தால் அந்தத் தள்ளலும் இமை மூடலும்தான் பழக்கமாக வேரூன்றும். பிறகு அதைப் பிடுங்க மாதக்கணக்காகும்.

“எத்தனை தடவை சொன்னேன்” என்ற உங்கள் வார்த்தைக்கு வருகிறேன். பதற்றத்தில் வந்த சொல் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் சுடுதளத்தில் தவறு செய்துவிட்டு நிற்கிறவருக்கு அடுத்துக் காதில் விழும் சொல் பல நாள் மனத்தில் தங்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 50 மீட்டர் ரைபிள் இறுதிச் சுற்றில் தங்கம் கிட்டத்தட்ட கையில் இருக்கும் நிலையில், கடைசிக் குண்டைப் பக்கத்துத் தடத்தின் இலக்கில் சுட்டுவிட்டார். மதிப்பெண் பூஜ்யம், எட்டாம் இடம். அன்று மாலை அவரிடம் போய் ஆறுதல் சொன்னவர் அதே ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்றிருந்த செக் வீராங்கனை கேத்தரினா கூர்கோவா. 2007-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 2008 பெய்ஜிங்கில் கேத்தரினா தங்கம் வென்றார். எம்மன்ஸோ மீண்டும் முன்னிலையில் இருந்தபோது கடைசிக் குண்டில் விசை நினைத்ததற்கு முன்பே விழுந்து, 4.4 மதிப்பெண் மட்டும் எடுத்து நான்காம் இடத்துக்குப் போனார். உலகின் தலைசிறந்த கைகளுக்கே இது நடக்கிறது. வாழ்நாளில் நான்கு குண்டு சுட்ட ஒருவருக்கு நடந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இதை அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

காதும் தூக்கமும்

கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பஞ்சுக் காதடைப்பான் அவருக்குச் சரியாக நிற்கவில்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று. எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான்.

ஒரே ஒரு ஓசையானாலும் 140 டெசிபலைத் தாண்டினால் செவிக்குள் நிரந்தரச் சேதம் ஏற்படலாம். 9 எம்.எம். பிஸ்டலின் வெடிப்பு 155 முதல் 160 டெசிபல் வரை போகும். நன்றாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருந்தால் அந்தப் பஞ்சு 25, 30 டெசிபல் வரை குறைக்கும். பாதி நீட்டிக்கொண்டிருந்தால் பெயரளவுக்குத்தான். நீங்கள் சுடும் பாயின்ட் 22-க்குப் பழகிய காதோடு அவருடைய அனுபவத்தை ஒப்பிடாதீர்கள்.

அன்றிரவு தொடங்கிய அந்தக் கூவல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. செவிக்குள் இடைவிடாமல் ஒலி கேட்பவர்களுக்குப் பகலைவிட இரவு கொடுமை. வீடு அடங்கியதும் அந்த ஒலி மட்டும் மிஞ்சும், தூக்கம் போய்விடும். இரண்டு மாதமாக அவர் தூங்காததற்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்வது அவசியம். என்ன நடந்தது, எந்தத் துப்பாக்கி, எத்தனை குண்டு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்தச் சுடுதளத்துக்கும் அவர் வர வேண்டாம், வேடிக்கை பார்ப்பதற்குக்கூட.

காதில் கோளாறு இல்லை, தூக்கம் மட்டும் போயிருக்கிறது என்றால் இன்னொரு கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். வேலைப் பளு என்கிறாரே, எவ்வளவு பளு? சாப்பாடு, பேச்சு, மகளோடு விளையாடுவது எல்லாம் குறைந்திருக்கிறதா? மனம் மிகவும் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால், “எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனத்தில் இருந்தால் சொல்லிவிட ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அலமாரிச் சாவி

அவருடைய இரண்டாவது பேச்சு இது. பிஸ்டல் வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை. “கோபத்தில் சொல்கிறார், இத்தனை நாள் பிடித்துத்தானே இருந்தது” என்கிறீர்கள். இத்தனை நாள் அவருக்கு அது அலமாரிக்குள் இருக்கும் ஒரு பொருள். இப்போது அது என்ன செய்யும் என்று கையால் உணர்ந்திருக்கிறார். அந்த இரும்பு தன் கையிலேயே திசைமாறிப் போனதைப் பார்த்தவர், 3 வயது மகள் ஓடியாடும் வீட்டில் அதே போன்ற ஒன்று இருப்பதை நினைத்துப் பயப்படுவது நியாயம். தகப்பனாக அவர் கேட்டது சரியான கேள்வி.

உங்கள் ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கும் அவர் பக்கம்தான் பேச வருகிறது. இரும்பு அலமாரி, நல்லது. ஆனால் சாவி மேசை இழுப்பறையில், தோட்டாப் பெட்டி அதே அலமாரியின் கீழ்த் தட்டில். இழுப்பறையைத் திறக்க 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாற்காலி போதும். துப்பாக்கி ஓரிடத்தில், தோட்டா வேறோர் இடத்தில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, சாவி உங்கள் உடம்போடு அல்லது எண் பூட்டு. இதற்குக் குறைவாக எதுவும் போதாது. பல நாடுகளில் உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாருக்கும், கணவன் மனைவியாகவே இருந்தாலும், சாவி எட்டக்கூடாது என்பது சட்டம். மீறினால் உங்கள் உரிமம் போகும், வழக்கும் வரலாம். உங்கள் உரிமத்தோடு வந்த விதிகளை எடுத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. கிளப்பில் பூட்டி வைக்கும் வசதி இருந்தால், சட்டமும் அனுமதித்தால், பிஸ்டலை அங்கேயே விட்டுவிடுங்கள். அவர் மனம் தெளிகிறவரை, தூக்கம் திரும்புகிறவரை, நான் இதைத்தான் உறுதியாகச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் எடுக்கும் பொருள் மற்ற ஆறு நாளும் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இருக்க வேண்டியதில்லை.

இதே இடத்தில் இன்னொன்று. அந்த இலக்குத் தாள். நீங்கள் அன்போடு எழுதிய காட்சிதான், படிக்கும்போது எனக்கும் மனம் நெகிழ்ந்தது. ஆனால் அடுத்த முறை ஓட்டை ஒன்றை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரியும். குண்டு துளைத்துப் போகும்போது துடைத்துவிட்டுச் சென்ற ஈயமும் கரியும் அது. மகளின் விரல் அதில்தான் போகிறது, பிறகு வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் உடலில் இவ்வளவு வரை ஈயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எல்லாத் தாளையும் இன்றே எடுத்துவிடுங்கள். இனி புகைப்படம் போதும். சுடுதளத்தில் சாப்பிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கையையும் முகத்தையும் கழுவுங்கள். அந்தச் செருப்போ ஷூவோ வாசலுக்கு வெளியே நிற்கட்டும். அந்த உடையை மகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உடை மாற்றும்வரை அவளைத் தூக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் சொல்லி மகளுக்கும், கூடவே உங்களுக்கும், இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வருவதானால்

காது சரி, வீடு சரி, மனம் சரி என்றான பிறகு, அவராக “இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்று கேட்டால், அப்போது இப்படிச் செய்யுங்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். நன்றாகச் சுடத் தெரிந்தவர் எல்லாம் நன்றாகக் கற்றுக்கொடுப்பதில்லை. அதிலும் கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ கற்றுக்கொடுக்கும்போது, “விரலை எடுங்கள்” என்ற சாதாரணச் சொல்லுக்குள் 9 ஆண்டுச் சரக்கும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேறொருவர் சொன்னால் அது விரலைப் பற்றிய பேச்சு மட்டும்தான். கிளப்பில் புதியவர்களுக்கென்று இருக்கும் பயிற்றுநரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, குரல் எட்டாத தூரத்தில் உட்காருங்கள். அவர் திரும்பிப் பார்த்தால் சிரியுங்கள், போதும்.

முதல் முறை சுடவே வேண்டாம். காதுக்குப் பஞ்சும் அதன் மேல் கவசமும், கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, ஏர் ரைபிள் கூடத்தில் அரை மணி நேரம் மற்றவர்கள் சுடுவதைப் பார்க்கட்டும். சுடுவது எப்போது, நிறுத்துவது எப்போது, தாள் மாற்ற நடப்பது எப்போது என்ற ஒழுங்கு கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

அடுத்த முறை ஏர் ரைபிள். உட்கார்ந்தபடி, முன்பகுதியை மணல்மூட்டையின் மேல் தாங்க வைத்து, 10 மீட்டரில். உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். நெருப்பு இல்லை, சூடான உறை இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பெல்லட், அதாவது ஒரு சிறு குண்டுதான். ரைபிளுக்கான தாள் வேண்டாம், அதன் பத்து வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி, முதல் நாளில் அது மனத்தை உடைத்துவிடும். ஏர் பிஸ்டல் தாளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். அதன் பத்து 11.5 மில்லிமீட்டர் வட்டம், கறுப்பு கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். தாங்கி வைத்துச் சுட்டால் சீக்கிரத்திலேயே கறுப்புக்குள் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அவரே கண்ணால் பார்க்கும் நேரத்துக்காகத்தான் இவ்வளவும். இருபது முப்பது பெல்லட்டோடு நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் சுடலாமே என்று அவருக்குத் தோன்றும்போதே.

அதற்கு முன் அவருடைய கண்ணைச் சோதியுங்கள். தலையை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே சுட்டார், நேராக வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வலக்கைப் பழக்கக்காரர், ஆனால் ஆளும் கண், அதாவது குறி பார்க்க மூளை அதிகம் நம்பும் கண், இடக்கண்ணாக இருக்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறிய முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். இடக்கண் என்றால், பிஸ்டலில் தலையைச் சற்றுத் திருப்புவது தவறே இல்லை. ரைபிளை இடத் தோளில் வைத்துத் தொடங்கலாம். கஷ்டமாக இருக்காதா என்பீர்கள். ஹங்கேரியின் காரோய் டகாச், 1938-ல் கையெறி குண்டு வெடித்துச் சுடும் கையான வலக்கை சிதைந்த பிறகு, இடக்கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டு 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் பழைய பழக்கத்தை மறந்துவிட்டுக் கற்க வேண்டியிருந்தது. உங்கள் கணவருக்கு மறக்க வேண்டிய பழக்கமே இன்னும் ஏற்படவில்லை.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வர வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வந்தாலும் முதலில் பாயின்ட் 22, ஒரே தோட்டா, கழுத்து மூடிய சட்டை, முன்னால் நீண்ட தொப்பி. பயிற்றுநர் இடையிடையே அவருக்குத் தெரியாமல் போலித் தோட்டாவை ஏற்றுவார். வெடிக்காத துப்பாக்கி கையில் குனிவதைத் தானே பார்க்கும்போது, அந்தத் தள்ளல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே புரிந்துவிடும்.

பரிசைப் பற்றி

பிஸ்டல் வேண்டாம். சட்டப்படியும் அது எளிதல்ல. பெரும்பாலான இடங்களில் பெறுகிறவருக்கும் தனி உரிமம் இருந்தால்தான் துப்பாக்கியைக் கைமாற்ற முடியும். பிடி அவரவர் உள்ளங்கைக்கு ஏற்பப் பொருந்த வேண்டிய பொருள் அது. அதற்கும் மேலே, வேண்டாம் என்று நினைக்கிற ஒருவருக்கு விலை உயர்ந்த பரிசு ஒரு கட்டாயமாகவே வந்து சேரும். பெட்டியைத் திறந்த நொடியிலேயே, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர் கையை விட்டுப் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் நான் எழுதிப் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். 5 ஆண்டுகள், ஆண்டுக்கு 50 சனிக்கிழமை என்றாலும் 250 காலைகள். அத்தனையும் உங்களுடையவை. மகள் பிறந்த பிறகு அவை அவர் மகளோடு வீட்டில் இருந்த காலைகள். அவர் குறை சொன்னதாக நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. திரும்பி வந்ததும் ஆவலாக எண்ணிக்கை கேட்டவர் அவர். ஆறு பக்கக் கடிதத்தில், அவருக்கு எது பிடிக்கும், எங்கே போக ஆசை, எதைச் செய்தால் நேரம் போவது தெரியாமல் இருப்பார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருமண நாளுக்குச் சில சனிக்கிழமைகளைக் கொடுங்கள். மகள் உங்களோடு இருக்கட்டும். அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். சும்மா படுத்துத் தூங்கினாலும் சரி.

சுடுதளத்துக்கு இனி வரவே மாட்டேன் என்று அவர் சொன்னால்? அதுவும் முழுமையான பதில்தான். நீங்கள் தொடர்ந்து சுடலாம், போட்டிக்குப் போகலாம், அவரும் முன்போல எத்தனை பத்து என்று கேட்கலாம். அந்தக் கேள்வி திரும்பி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் உங்கள் பக்கத்துத் தடத்தில் நிற்பது அதற்கு அவசியமே இல்லை.

இன்றைக்கு இரண்டு வேலைகள். தோட்டாவையும் துப்பாக்கியையும் பிரித்து வைத்து, சாவியை இழுப்பறையிலிருந்து எடுங்கள். எடுத்த பிறகு அவரிடம் காட்டுங்கள், “நீங்கள் சொன்னது சரி, மாற்றிவிட்டேன்” என்று. இரவு மகள் தூங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்றைக்கு உங்கள் கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தது என் தவறு. எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியதும் என் தவறு. காது இன்னும் கூவுகிறதா?” என்று கேளுங்கள். அதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள், விளக்கம் வேண்டாம், அடுத்த முறை என்ற சொல்லும் வேண்டாம். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் காத்திருங்கள். சுடுதளத்தைப் பற்றிய அடுத்த பேச்சை அவரே எடுக்கட்டும்.